வருகைப் பதிவுக்கு மதிப்பெண் வேண்டுமா?

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமாவோடு வேலையில் சேர்ந்துவிட்டதால் பல்கலைக்கழக வாசலை மாணவனாக மிதித்ததில்லை. ஆனாலும் என் இளைய மகள் தில்லியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தபோது எங்களுக்கு நேர்ந்ததை வைத்து, கல்லூரிகளின் வருகை விதி பற்றிச் சங்க அன்பர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

2018இல் எனக்கு அறுபதாம் கல்யாணம். திருக்கடையூர், குலதெய்வம் கோயில், உறவினர் வீடுகள் என்று மூன்று வாரம் ஊரில் இருந்தோம். கல்லூரி நடந்துகொண்டிருந்தது. "முதல் செமஸ்டர்தானே, பிறகு படித்துக்கொள்ளலாம்" என்று மகளை அழைத்துப் போனவன் நான்தான்.

வாரம் 4 வகுப்பு வீதம் 15 வாரத்துக்கு 60 வகுப்பு. அதில் 75 சதவீதம், அதாவது 45 வகுப்புக்கு வந்தவர்களுக்கே தேர்வு எழுத அனுமதி. ஊர்ப் பயணத்தில் 12, திரும்பி வந்ததும் காய்ச்சலில் 4, மழையில் பஸ் வராமல் 1 என்று 17 வகுப்புகள் போயின. மிஞ்சியது 43.

கல்லூரி அலுவலகத்தில் ஒருவர், "டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாருங்கள், எல்லோரும் செய்வதுதான்" என்று இந்தியில் வழி சொன்னார். ஒரு வாரக் காய்ச்சலை நான்கு வாரமாக எழுதி வாங்கி வந்தேன். "அப்பா, எனக்கு ஒரு வாரம்தானே காய்ச்சல்?" என்று மகள் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பொய்யான சிக் சர்டிபிகேட் கொடுத்த ஊழியர்களை வேலையில் இருந்தபோது கடிந்துகொண்டவன் நான்!

அனுமதி கிடைத்தது. செய்முறைத் தேர்வில்தான் சிக்கல். பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையில் இருக்கும் ஆக்சாலிக் அமிலக் கரைசல் வெளிர் ரோஜா நிறத்துக்கு மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் அவள் கை தாண்டிப் போய் நிறம் அடர்ந்துவிட்டது. அவள் தவறவிட்ட நான்கு ஆய்வக வகுப்புகளும் இந்தப் பயிற்சிக்கானவை. பாடத்தைத் தோழியின் நோட்டைப் பார்த்துப் படித்துவிட்டாள். கைப்பழக்கத்துக்கு நோட்டு ஏது?

கடைசியில் தியரியும் செய்முறையும் சேர்ந்து 'பி பிளஸ்', பல்கலைக்கழக மானியக் குழுவின் 10 புள்ளி முறையில் 7. அந்த எழுத்தைப் பார்ப்பவருக்கு, அவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்று எப்படி விளங்கும்?

ரயில் பாதையில் கீமேன் என்பவர் தினமும் தம் பகுதி முழுவதும் நடந்து, தளர்ந்த இணைப்புகளை இறுக்குவார். மஸ்டரில் கையெழுத்துப் போட்டதால் மட்டும் ஒரு போல்ட்டும் இறுகாது. அதற்காக வீட்டில் இருந்துகொண்டும் இறுக்க முடியாது. அறிவியல் படிப்பும் இப்படித்தான்.

2025 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், வருகைக் குறைவுக்காகச் சட்ட மாணவர்களைத் தேர்வெழுத விடாமல் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அறிவியல் மாணவருக்கும் தியரி வகுப்பைப் பொறுத்தவரை அதுவே நியாயம் என்பேன். வந்து உட்கார்ந்ததற்கே மதிப்பெண் தரும் வழக்கமும் வேண்டாம். தெரிந்ததற்குத்தான் மதிப்பெண். ஆனால் ஆய்வக வகுப்பில் ஒன்றுகூட விடக் கூடாது. நியாயமான காரணத்தால் விட்டவருக்கு அதே பயிற்சியை வேறொரு நாளில் தர வேண்டும். செய்முறைக்குத் தனித் தரம் போட வேண்டும். அடுத்த செமஸ்டரில் ஓர் ஆசிரியை இரண்டு சனிக்கிழமை என் மகளுக்காக ஆய்வகத்தைத் திறந்து வைத்தார். அந்த ஒரு சொட்டு அவளுக்கு அங்கேதான் பிடிபட்டது. சர்டிபிகேட் செய்யாததை இரண்டு சனிக்கிழமைகள் செய்தன.

விதியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று பிள்ளைகளை நடுச் செமஸ்டரில் ஊருக்குக் கூட்டிப் போகிறவர்கள் நாம்தானே? 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது. டிக்கெட் எடுக்கும் முன், பிள்ளையிடம் கல்லூரி நாட்காட்டியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. என் மகள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.