கணினி கேட்கிறது, பிள்ளையே பதில் சொல்லட்டும்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு வேலைச் சோதனை புதிதல்ல. புதிதாகப் பால் வெட்ட வருகிறவருக்கு நல்ல நிரையை உடனே கொடுத்துவிட மாட்டார்கள். கழிக்கப்போகும் கிழட்டு மரங்களில் முதலில் உளி பிடித்துப் பழக வேண்டும். பட்டை மெல்லிசாக வருகிறதா, மரத்தில் காயம் பட்டிருக்கிறதா என்று கங்காணி தடவிப் பார்ப்பார். வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது.

1972-ல் பினாங்கு பாயான் லெப்பாசில் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியது. இண்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தன. தலைமுடியை விட மெல்லிய கம்பியை நுண்ணோக்கி வழியே பார்த்து இணைக்கும் வேலை. அதற்குக் கண் பார்வையையும் விரல் நயத்தையும் சோதித்துப் பெண்களை எடுத்தார்கள். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானிலும் இன்று பெரிய தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. ஆனால் வாசலுக்குப் போகும் முன்பே சோதனை வீட்டுக்கு வந்துவிடுகிறது, கணினி வழியாக.

அண்மையில் ஜார்ஜ் டவுனில் ஒரு தாயைச் சந்தித்தேன். பாலிடெக்னிக்கில் படித்த மகள் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். இணையத்தில் இரண்டு சோதனைகள் வந்தன. திறன் சோதனையை அவளே செய்தாள். குணச் சோதனைக்கு மட்டும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்ல" பதிலாகப் பார்த்துத் தட்டிவிட்டான். நேர்முகத் தேர்வில், "குழுவை முன்னின்று நடத்துவது மிகவும் பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறாய். அப்படி நடத்திய ஒரு சம்பவத்தைச் சொல்" என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு வாய் வரவில்லை. வேலையும் வரவில்லை.

"நல்லதுக்குத்தானே செஞ்சோம்?" என்றார் தாய். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் செய்த வழிதான் தவறு.

இந்த இரண்டு சோதனைகளும் ஒன்றல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திறன் சோதனையில் கணக்கு, வாசித்துப் புரிதல், படங்களின் வரிசையைக் கண்டுபிடித்தல் ஆகியவை இருக்கும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். சரி, தவறு உண்டு. உளி பிடித்துப் பழகியதைப் போல இதையும் பழகலாம். மாதிரிக் கேள்விகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

குணச் சோதனையில் பெரும்பாலும் சரி, தவறு என்று இல்லை. "புதியவர்களோடு எளிதில் பழகுவேன்" என்பது போன்ற வாக்கியங்களைக் கொடுத்து, எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கேட்பார்கள். இது முதல் உலகப் போரில் பிறந்த பழக்கம். குண்டு அதிர்ச்சியைத் தாங்கமாட்டாத சிப்பாய்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க, அமெரிக்க உளவியலாளர் வுட்வர்த் கேள்வித்தாள் ஒன்றைத் தயாரித்தார். அன்று சிப்பாய்க்குத் தயாரித்தது இன்று நம் பிள்ளைகள் வரை வந்திருக்கிறது.

இதில் நம் பிள்ளைகள் இரண்டு இடங்களில் வழுக்குகிறார்கள். ஒன்று, எல்லாவற்றிலும் உத்தமனாகக் காட்டிக்கொள்வது. "நான் ஒருநாளும் கோபப்பட்டதே இல்லை" என்று ஒரு வாக்கியம் வரும். அதை முழுமையாக ஒப்புக்கொள்கிற மனிதர் யார்? பூசி மெழுகுகிறவர்களைக் கண்டுபிடிக்கவே சில சோதனைகளில் இத்தகைய வாக்கியங்களை வைக்கிறார்கள். ஒரே விஷயத்தை வேறு சொற்களில் திரும்பவும் கேட்பார்கள்.

மற்றொன்று, அடக்கம். "நம்மைப் பற்றி நாமே உயர்த்திச் சொல்லக்கூடாது" என்று வளர்த்த பிள்ளை, எல்லாக் கேள்விக்கும் நடுக்கட்டத்தைத் தட்டிவிடுகிறது. வீட்டில் அது பண்பு. கணினிக்கோ அது வெற்றுத்தாள். விடியுமுன் எழுந்து, தம்பி தங்கைகளைக் கிளப்பிவிட்டுப் பள்ளிக்குப் போன பெண், "பொறுப்பை ஏற்றுச் செய்வேன்" என்ற இடத்தில் தயங்கலாமா? உள்ளதைச் சொல்வது பெருமையடிப்பது ஆகாது.

சோதனை சொன்னதெல்லாம் வேதவாக்கும் அல்ல. குணத்தை நான்கு ஆங்கில எழுத்துகளில் சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனை பிரபலமானது. ஆட்களைத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தக்கூடாது என்று அதை வெளியிடுகிறவர்களே சொல்கிறார்கள். 2022-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, எல்லாருக்கும் ஒரே கேள்விகளை ஒழுங்காகக் கேட்கும் நேர்முகத் தேர்வே வேலைத்திறனை நன்றாக முன்னறிகிறது என்று கண்டது. ஆகவே ஒரு கணினி "பொருந்தவில்லை" என்று சொன்னால், பிள்ளை எதற்கும் உதவாது என்று பொருளல்ல. அந்த வேலைக்கு, அந்தச் சோதனையில், அன்று பொருந்தவில்லை. அவ்வளவுதான்.

சில நடைமுறை யோசனைகள். சோதனை மலாயிலா ஆங்கிலத்திலா என்று முன்பே கேட்டறியுங்கள். இரண்டும் இருந்தால், பிள்ளைக்கு நன்றாக வரும் மொழியைத் தேர்ந்தெடுக்கட்டும். கைப்பேசியின் சிறு திரையில் செய்யாமல் கணினியில் செய்வது நல்லது. வீட்டில் இணையம் விட்டுவிட்டு வந்தால் பினாங்கு டிஜிட்டல் நூலகம் போன்ற பொது இடத்துக்குப் போகலாம். சோதனைக்குப் பணம் கட்டு, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடு என்று எவராவது கேட்டால் அது வேலையல்ல, வலை. அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தில் பதிந்துகொள்ளவும் கட்டணம் கிடையாது.

பெற்றோர்களே, அண்ணன்மார்களே! பிள்ளையோடு முந்தின நாள் உட்கார்ந்து பேசுங்கள். பள்ளியில், வீட்டில், கோயில் திருவிழாவில் அது செய்த நல்ல காரியங்களை நினைவூட்டுங்கள். தன்னைப் பற்றிப் பேச அதற்குச் சொற்கள் கிடைக்கும். சோதனை நாளில் தேத்தண்ணி ஒன்று போட்டு வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நாளை அந்த வேலையைச் செய்யப்போவது பிள்ளைதானே?