கரண்டு தனி

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள், வழியில் வீட்டு வாசல்களில் தொங்கும் அட்டைகளைப் பார்த்திருக்கலாம். 'வீடு வாடகைக்கு. சைவம் மட்டும். கரண்டு தனி.' முட்டை தின்கிறவன் எங்கே குடியிருப்பது என்ற விவகாரம் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். இன்று என் சண்டை அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளோடுதான்.

யூனிட்டுக்கு இவ்வளவு என்று குடித்தனக்காரர் தனியாகக் கொடுக்கவேண்டும் என்பது அதன் அர்த்தம். ஆனால் வீட்டுக்காரர்கள் பலர் அதற்கு வேறு பொருள் கொண்டிருக்கிறார்கள். கரண்டு சம்பந்தப்பட்ட எதுவும் தம்மைச் சேர்ந்ததல்ல. ஷாக் அடித்தால் அதுவும் தனி!

இதைப் படிக்கிற தாங்களே ஒரு மாடிப் போர்ஷனையோ, மறைமலை நகரில் ஒரு பிளாட்டையோ வாடகைக்கு விட்டிருக்கக்கூடும். கோபித்துக்கொள்ளாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: மார்கழி மாதக் காலையில் தங்கள் குடித்தனக்காரர் எதில் வெந்நீர் போடுகிறார்?

தெரியாதென்றால் நான் சொல்கிறேன். பிளாஸ்டிக் வாளி, அதன் விளிம்பில் மாட்டிய ஹீட்டர் ராடு, பாத்ரூமில் பிளக் இல்லாததால் கூடத்திலிருந்து இழுத்துவந்த ஒயர், தரையெல்லாம் ஈரம். கல்பாக்கத்தில் 1983-ல் அணுவைப் பிளந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்குக் கூப்பிடு தூரத்தில் இன்னும் இப்படித்தான் வெந்நீர் காய்கிறது.

கோளவாய் ஏரிப் பக்கம் நாலு போர்ஷன் கட்டி விட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

"ராடு போடக்கூடாதென்று கண்டிஷனே போட்டிருக்கிறேன், சார்."

"வெந்நீருக்கு வேறு என்ன வழி செய்திருக்கிறீர்கள்?"

"நம்ம ஊர்க் குளிருக்கு வெந்நீர் எதற்கு? தவிர, பியூஸ்தான் இருக்கிறதே!"

இந்தப் பியூஸ் நம்பிக்கையைப் போல் பொல்லாத மூட நம்பிக்கை வேறில்லை. பியூஸ் காப்பது ஒயரை, ஆளை அல்ல. பதினாறு ஆம்பியர் பியூஸ் அதற்கு மேல் ஓடினால்தான் உருகும். மனிதனின் நெஞ்சை நிறுத்த ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆள் போன பிறகும் பியூஸ் சௌக்கியமாகவே இருக்கும்.

ஆளைக் காக்கிற ஸ்விட்ச் வேறு. ஆர்.சி.சி.பி. என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சரியாக இருக்கின்றனவா என்று ஓயாமல் கணக்குப் பார்ப்பதே அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் எங்கேயாவது கசிந்தால், கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். விலை இரண்டு மூன்று ஆயிரம் ரூபாய். வாசலில் கிரானைட் பதித்துப் பிள்ளையார் படம் வைக்க எவ்வளவு ஆயிற்று என்று அந்தப் பெரியவரை நான் கேட்கவில்லை.

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை, கடற்கரையோரம், நிலைமை இன்னும் மோசம். உப்புக் காற்று ஸ்விட்சின் பித்தளை முனைகளை அரிக்கிறது. உப்புத் தண்ணீர் கீசரின் உள்ளே இருக்கும் காயிலின் உறையைத் தின்கிறது. உறை ஓட்டையானால் குழாயில் வருவது வெந்நீர் மட்டுமல்ல. எர்த் இருக்கிறதே என்பார்கள். கோடையில் காய்ந்த மணலில் நட்ட குழாயில், அதுவும் துருப்பிடித்ததில், என்ன எர்த் கிடைக்கும்? எர்த் குழி வெட்டும் செலவை மிச்சம் பிடிக்க நியூட்ரலையே மூன்றாவது முனையில் முடிந்துவிடும் கெட்டிக்கார எலெக்ட்ரீஷியன்களும் உண்டு. நியூட்ரல் எங்கேயாவது அறுந்தால் கீசரின் உடம்பு முழுதும் மின்சாரம்!

சட்டம் என்ன சொல்கிறது? 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. கீசர் ரிப்பேரும் சர்க்யூட் பிரேக்கர் ரிப்பேரும் குடித்தனக்காரர் பொறுப்பு. எவ்வளவு அழகான பாகப் பிரிவினை! சுவருக்குள் ஓடும் கம்பி அவருடையது, அதன் முனையில் நிற்கும் உயிர் இவருடையது. அந்தப் பிரேக்கரை முதலில் யார் வாங்கி வைப்பது என்பதிலேயே தகராறு ஆரம்பமாகிவிடும். வீட்டைக் கட்டினவர்தாம் வைக்கவேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினைந்து லிட்டர் வாளித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்றக் கால் யூனிட்கூட ஆகாது. காசு கரைவது கீசரை நாள் பூராவும் 60 டிகிரியில் போட்டுவைத்து, யாரும் குளிக்காத தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருப்பதால்தான். மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாத ஊரில், இதற்கு மின்சாரமே எதற்கு? நூறு லிட்டர் சூரிய வெந்நீர்க் கருவி ஒன்று ஒரு சிறு குடும்பத்துக்குத் தாராளம். பாத்ரூமுக்குள் மின்சாரம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். உப்புத் தண்ணீரில் அதுவும் படிவு கட்டும், துப்புரவு செய்யவேண்டும் என்பது வாஸ்தவம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் சூரியன் லீவு போட்டுவிடுவான். அன்றைக்கு அடுப்பில் ஒரு குண்டான் வைத்தால் ஆயிற்று.

வீடு தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அட்வான்ஸை எண்ணிக் கொடுக்குமுன் மெயின் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் அதன் முகத்தில் 'டி' என்ற எழுத்துடன் ஒரு சிறு பித்தான் இருக்கும். வீட்டுக்காரரையே அமுக்கச் சொல்லுங்கள். 'டக்'கென்று வீடு இருண்டால் மேற்கொண்டு வாடகையைப் பேசலாம். இருளாவிட்டாலும், பெட்டியில் அப்படியொரு பித்தானே இல்லாவிட்டாலும், ஸ்விட்ச் வைத்த பிறகு வந்து அட்வான்ஸ் தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.