இடைவேளையில் வந்தவர்

அண்மையில் கொழும்பில் ஒரு பியானோ இசை நிகழ்வுக்குச் சென்றிருந்தேன். ஆசிய நகரங்களிற் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த ஐரோப்பியக் கலைஞர் ஒருவரின் தனி நிகழ்வு. தூதரகமொன்று அனுசரணை வழங்கியிருந்தது. கலைஞர் மிக நன்றாக வாசித்தார். அவரைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது இடைவேளையின்போது மேடைக்கு வந்த இன்னொருவரைப் பற்றி.

முதற்பாதி முழுவதும் ஷூபேர்ட்டின் பி-பிளாட் மேஜர் சொனாட்டா. 1828 செப்டெம்பரில் அதனை எழுதி முடித்த ஷூபேர்ட், அதே ஆண்டு நவம்பர் 19ஆம் திகதி காலமானார். அப்போது அவருக்கு வயது 31. ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் நீளும் அந்தப் படைப்பு பெரும்பாலும் தாழ்ந்த குரலிலேயே பேசுகின்றது. தொடக்கத்தில் அமைதியான ஒரு மெட்டு வரும். அது ஓய்கின்ற இடத்தில், பியானோவின் இடது கோடியிலிருந்து, தொலைதூர இடியோசை போல ஒரு நடுக்கம் எழும். அந்த நடுக்கம் எழுந்தபோது மண்டபத்தில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கிப்போனார்கள்.

வெளியே மாலை முழுவதும் மழை. உள்ளே குளிரூட்டி, மேடையில் விளக்குகளின் வெப்பம். சொனாட்டாவின் இரண்டாம் பகுதி முடியும் வேளையில், நடு ஸ்தாயியில் ஏதோ ஓரிடத்தில் ஒலி மெல்லக் கலங்கத் தொடங்கியது. நான் முறையாகச் சங்கீதம் பயின்றவன் அல்லன். ஆயினும், கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது சுருதி விலகுவதை ஓரளவு கண்டுகொள்ளும். கலைஞரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவர் வாசித்து முடித்தார், கரகோஷம் எழுந்தது, எல்லோரும் தேநீருக்காக வெளியே போனார்கள்.

முழங்கால் வலியால் நான் இருக்கையிலேயே இருந்துவிட்டேன். அப்போதுதான் மேடையின் ஓரத்திலிருந்து வயதான ஒருவர் வந்தார். எழுபதைக் கடந்திருப்பார். கையில் ஒரு பழைய தோற்பை. பியானோவுக்குள் குனிந்தார். ஒரு கட்டையைத் தட்டுவதும், கையிலிருந்த சாவி போன்ற கருவியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைப்பதும், மறுபடி தட்டிக் கேட்பதுமாகப் பதினைந்து நிமிடங்கள் வேலை செய்தார். மணி அடித்தது. தோற்பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனார். சபையோர் திரும்பி வந்து அமர்ந்தபோது மேடையில் பியானோ மட்டும் இருந்தது.

பியானோவை வெளியிலிருந்து பார்க்கும்போது கறுப்பும் வெள்ளையுமான 88 கட்டைகளே தெரியும். உள்ளே இருப்பது ஏறத்தாழ 230 உருக்குக் கம்பிகள். தாழ்ந்த ஸ்வரங்களுக்கு ஒன்றோ இரண்டோ கம்பி. நடு ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மும்மூன்று கம்பிகள். அந்த மூன்றும் ஒன்றுபோல ஒலித்தால்தான் அது ஒரு ஸ்வரம். மூன்றில் ஒன்று இம்மியளவு தளர்ந்தாலும் ஒலி அலையத் தொடங்கிவிடும். பெரிய கச்சேரிப் பியானோவொன்றில் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 20 தொன். அந்த இழுவையின் மத்தியில், ஒலியைப் பெருக்கித் தரும் மெல்லிய மரப்பலகை ஈரப்பதன் கூடும்போது உப்புகின்றது, குறையும்போது சுருங்குகின்றது. கொழும்பின் கடற்காற்றும் மழையும் குளிரூட்டியும் மாறிமாறி அதனை என்ன பாடுபடுத்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வயலின் வாசிப்பவர் தன் சுருதியைத் தானே சேர்த்துக்கொள்கிறார். வாசிக்கும்போது பிசகினால் விரலைச் சற்று நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். மிருதங்கக் கலைஞர் மேடையிலேயே கல்லால் தட்டிச் சுருதி கூட்டுகிறார். வீணைக் கலைஞர் பிருடையைத் திருகுகிறார். பியானோக் கலைஞருக்கு மட்டும் அந்த வசதி இல்லை. பியானோவிலே கமகம் இல்லையே என்று நம்மவர்கள் குறை சொல்வதுண்டு. உண்மைதான், ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதில் இடமில்லை. அதற்குள் இன்னோர் உண்மையும் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே நிற்கவேண்டும் என்பதைக் கலைஞர் மேடையேறுமுன்னரே வேறொருவர் தீர்மானித்துவிடுகிறார்.

மேலும், பிற கலைஞர்கள் தத்தம் வாத்தியத்தோடு ஊர் ஊராகச் செல்கிறார்கள். பியானோக் கலைஞரோ வெறுங்கையோடு வந்து இறங்குகிறார். அந்த ஊரில் எந்தப் பியானோ இருக்கிறதோ அதுதான் அவருக்கு விதிக்கப்பட்டது. பியானோவைத் தனியொருவராக மேடையில் வாசிக்கும் வழக்கத்தை ஐரோப்பாவெங்கும் பரப்பிய லிஸ்ட் 1840இல் இலண்டனில் வாசித்தபோதுதான் 'ரிசைற்றல்' என்ற சொல் இத்தகைய நிகழ்வுக்குப் பெயராயிற்று. அக்காலம் முதல் இதுதான் நிலைமை.

விதிவிலக்கானவர்கள் இருந்தார்கள். 1925இல் ரஷ்யாவைவிட்டுச் சென்ற ஹொரோவிற்ஸ் 1986 ஏப்ரலில் மொஸ்கோவில் வாசிக்கத் திரும்பியபோது, வீட்டிலிருந்த தன் பியானோவையும் விமானத்திற் கொண்டுசென்றார். போலந்துக் கலைஞர் சிமர்மன் தன் பியானோவோடு பயணம் செய்பவர். 2001 செப்டெம்பர் தாக்குதல்களுக்குச் சிறிது காலத்தின் பின், நியூயோர்க் விமான நிலையத்தில் அதன் பசையின் வாசனையைச் சந்தேகித்த அதிகாரிகள் அதனை அழித்துவிட்டார்கள். இன்னொரு பக்கத்தில், ஸ்வியாத்தோஸ்லாவ் ரிக்டர் 1986இல், தமது எழுபத்தோராவது வயதில், காரில் சைபீரியாவரை சென்று சிறு சிறு நகரங்களிலெல்லாம் வாசித்தார். அரை தொன் எடையுள்ள ஒரு வாத்தியத்தைக் கூடவே கொண்டு திரிய எத்தனை பேரால் இயலும்? மற்றவர்கள் எல்லோரும், போகும் ஊரிலே யாரோ ஒருவர் பியானோவைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கையிலேயே விமானம் ஏறுகிறார்கள்.

அன்றைய இரண்டாம் பாதி ஷொப்பேனின் 24 பிரிலூட்டுகள். அந்தத் தொகுதியின் பின்னாலும் ஒரு பியானோவின் கதை உண்டு. நோயாளியான ஷொப்பேன் 1838 நவம்பரில் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குச் சென்றார். பாரிஸிலிருந்து அனுப்பப்பட்ட அவருடைய பிளேயல் பியானோ சுங்கத்தில் அகப்பட்டுக்கொண்டது. உள்ளூரிற் கிடைத்த தரமற்ற பியானோவொன்றை வைத்துக்கொண்டு அவர் வேலை செய்தார். தீர்வைப் பிணக்குத் தீர்ந்து பிளேயல் அவர் கைக்கு வந்தது 1839 ஜனவரியில். அதே மாதத்தில் பிரிலூட்டுகளை முடித்துப் பாரிஸுக்கு அனுப்பிவிட்டார். பெப்ரவரியில் தீவைவிட்டே போய்விட்டார். பியானோ அங்கேயே விற்கப்பட்டது.

அவற்றில் பதினைந்தாவதைப் பலர் 'மழைத்துளி' என்று அழைப்பர். ஷொப்பேன் வைத்த பெயரன்று. ஒரே ஸ்வரம் தொடக்கம் முதல் விடாமல் சொட்டிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். அன்று அந்த ஸ்வரம் தெளிந்த நீர்போல விழுந்துகொண்டிருந்தது. வெளியே உண்மையான மழை நிற்கவில்லை.

நிகழ்வு முடிந்தபின் வாசற்படியில் குடைக்காகக் காத்திருந்தபோது அந்தப் பெரியவரைக் கண்டேன். பேச்சுக் கொடுத்தேன். சபையோருள் ஒருவர் தன்னிடம் வந்து பேசியது அவருக்கு வியப்பாக இருந்தது. முற்பாதியில் எந்தக் கம்பி தளர்ந்தது என்று கேட்டேன். அருகருகே இரண்டு ஸ்வரங்கள் தளர்ந்தனவாம். இரண்டையும் சேர்த்தாராம்; ஆயினும் கூடுதல் நேரத்தை ஏ-பிளாட்டுக்கே கொடுத்தாராம். பின்பாதி நிரலைப் பார்த்திருந்தாராம். பதினைந்தாவது பிரிலூட்டிலே சொட்டுவது அந்த ஸ்வரம்தான்; அது பிசகினால் அந்த ஐந்து நிமிடமும் சபையோருக்கு வேறெதுவும் கேட்காது என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். வாசித்தவரைப் போலவே இவரும் அந்தப் படைப்பை முழுவதுமாக அறிந்திருக்கிறார்.

தனக்குப் பின் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள யாரும் வரவில்லை என்றும் சொன்னார். ஒரு காலத்தில் கொழும்பிலே வசதி படைத்த வீடுகளிலும் பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் பியானோக்கள் இருந்தன. லயனல் வென்ட்டை நாம் புகைப்படக் கலைஞராகவே நினைவுகூர்கிறோம். 1944இல் மறைந்த அவர் இலண்டனிற் பயின்ற தேர்ந்த பியானோக் கலைஞருமாவார். அந்த வீடுகளின் வாரிசுகள் பலர் கடல் கடந்துவிட்டார்கள். பியானோக்கள் புகைப்படச் சட்டங்களை அடுக்கிவைக்கும் தளபாடங்களாகிவிட்டன என்று பெரியவர் சிரித்தபடி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினேன். அனுசரணையாளர்கள், தூதுவரின் வாழ்த்துச் செய்தி, மலர் அலங்காரம் செய்த கடை என எல்லாப் பெயர்களும் இருந்தன. சுருதி சேர்த்தவரின் பெயர் மட்டும் இல்லை.

ஏற்பாட்டாளர்களைக் குறைசொல்ல எனக்கு அருகதை இல்லை. நிருபராகச் சேர்ந்த புதிதில் இதேபோன்ற ஒரு நிகழ்வைப் பற்றி நானும் எழுதியிருக்கிறேன். பிரதம விருந்தினர் யார், விளக்கேற்றியவர் யார், பூங்கொத்து வழங்கியவர் யார் என்றெல்லாம் அதில் இருந்தது. அன்றும் ஒருவர் பியானோவைச் சரிசெய்திருப்பார். அப்படியொருவர் இருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. முப்பது வருடப் பத்திரிகைத் தொழிலில் மேடையில் நின்றவர்களையே எழுதியிருக்கிறேன். மேடையைத் தாங்கியவர்களை எழுதியது மிகக் குறைவு.

இது மேலைத்தேய இசைக்கு மட்டும் உரிய குறையன்று. மிருதங்க வித்துவான்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். அந்தத் தோலைப் பதப்படுத்தி வார் இழுத்து நாதம் வரவைத்தவர்கள் யார் என்று கேட்டால் தெரியாது. டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி 2020இல் ஒரு முழு நூல் எழுதவேண்டியிருந்தது. அதன் பின்னரே பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

அரிசி விலைக்கு மக்கள் அல்லாடும் நாட்டில் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது ஒரு பிரச்சினையா என்று சிலர் கேட்கக்கூடும். 2022இன் வரிசைகளில் நின்றவன் என்ற வகையில் அக்கேள்வியின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால், பராமரிப்பவனை மதியாத வழக்கம் பியானோவோடு நிற்பதில்லை. குளங்களுக்கும் நூலகங்களுக்கும் வைத்தியசாலைக் கருவிகளுக்கும் அதே கதிதான். திறப்பு விழாவுக்குப் பணம் இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும். ஐந்து வருடம் கழித்து அதனைத் துடைத்து எண்ணெய் விடுபவனுக்குச் சம்பளம் இருக்காது.

யாழ்ப்பாணத்திலே நானறிந்த ஒரு தேவாலய மண்டபத்தில் சுவரோடு நிறுத்தும் பழைய பியானோவொன்று இருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்தபோது, அந்த மழையிரவில், நாவற்குழிப் பாலத்தின் நெரிசலில், சைக்கிள் கரியரில் வயலின் பெட்டியைக் கட்டியபடி ஒருவர் போனதைக் கண்டேன். மிருதங்கத்தைத் தோளிற் சுமந்து சென்றவர்களும் இருந்திருப்பார்கள். பியானோவை யார் தூக்குவது? அது அங்கேயே நின்றது. அதனை வாசித்தவர்களுட் சிலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நல்ல பியானோக்களில் பரீட்சைக்குப் பயில்கிறார்கள். மகிழ்ச்சிதான். விட்டுவந்த பியானோவின் மூடிமேல் இப்போது பாட்டுப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கடந்த முறை சென்றபோது மூடியைத் திறந்து தட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட கட்டைகள் இறங்கின, எழவில்லை.

இரண்டு காரியங்கள் நடக்கவேண்டும் என்பது என் கருத்து. வெளிநாட்டுக் கலைஞர்களை அழைக்கும் தூதரகங்களும் கலாசார நிலையங்களும் அச்செலவில் ஒரு சிறு பங்கை உள்ளூர் இளைஞர் ஓரிருவர் இத்தொழிலைப் பயில ஒதுக்கவேண்டும். பெரியவர் இருக்கும்போதே அது நடக்கவேண்டும். காதால் கற்கும் தொழிலைக் கற்றவரிடம்தான் கற்கலாம். மற்றது செலவில்லாதது. நிகழ்ச்சி நிரலில் கலைஞரின் பெயருக்குக் கீழே சுருதி சேர்த்தவரின் பெயரையும் அச்சிடுங்கள். அவரது பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். இத்தனை வருடம் இல்லாதது இனி எதற்கு என்று மறுத்துவிட்டார். அவர் விருப்பத்தை மதிக்கிறேன். ஆனால் அடுத்த நிகழ்ச்சி நிரலில் அதை அச்சிட அவரிடம் அனுமதி கேட்பது ஏற்பாட்டாளர்களின் பொறுப்பு.

யாழ்ப்பாணத்துப் பியானோவைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அனுதாபம் எதுவும் தெரிவிக்காமல், பின்பக்கப் பலகையில் வெடிப்பு இருக்கிறதா என்று கேட்டார். தெரியாது என்றேன். பியானோவைச் சுவரிலிருந்து இழுத்துவைத்து, ரோச் லைற் அடித்துப் பார்க்கும்படி சொன்னார். பலகை வெடிக்காமலிருந்தால் மற்றவற்றைப் பற்றி யோசிக்கலாமாம்; ஆணிகள் கம்பியை இறுகப் பிடிக்கின்றனவா என்பதைத் தானே வந்துதான் பார்க்கவேண்டுமாம்.

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். ரோச் லைற்றையும் எடுத்துச் செல்வேன்.