லாரிச் சாவியைக் கையில் வாங்குமுன்

மந்தின், பஜாம், பத்தாங் பெனார் வட்டாரத்தில் பால்மரக் காட்டில் பிறந்த பிள்ளை பால்வாளியைத்தான் தூக்க வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. அந்தக் காலம் போயிற்று. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. 1998இல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தார்கள். நீலாய்ப் பக்கம் தொழிற்சாலையும் கிடங்கும் பெருகின. இன்று நம் லயத்துப் பையன் வேலை கேட்டுப் போனால், "லாரி ஓட்டுவியா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஓட்டட்டும். நல்ல தொழில்தான். ஆனால் சாவியைக் கையில் வாங்குவதற்கு முன் அவனும் அவனைப் பெற்றவர்களும் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெரிய லாரிக்குக் கார் லைசென்ஸ் உதவாது. ஈ வகுப்பு வேண்டும், அதற்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் சரக்கு ஏற்றும் ஓட்டுநருக்குரிய ஜி.டி.எல். லைசென்சும் வேண்டும். இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. சங்கிலியை மீட்க வேண்டுமே என்ற பயத்தில், வேலைக்குப் போன முதல் நாளே பையன் எதற்கெடுத்தாலும் "சரி தவுக்கே" என்கிறான். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் சம்பளப் பேச்சு. "பேசிக் கிடையாது தம்பி, டிரிப்புக்கு இவ்வளவு" என்பார்கள். இது நமக்குப் புதிதா? பால் எடைக்கும் குலைக் கணக்குக்கும் கூலி வாங்கி, மழை பெய்தால் பட்டினி கிடந்த சனங்கள்தானே நாம்! டிரிப் கூலி அதே பழைய பேய். லாரியில் ஏறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டம் சொல்வதைக் கேளுங்கள். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பள ஆணை மாதம் 1,700 வெள்ளி என்கிறது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கு ஆகஸ்ட் வரை தவணை கொடுத்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது. இந்த ஆணை மாதச் சம்பளக்காரனுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். எண்ணிக்கைக்கும், டன்னுக்கும், டிரிப்புக்கும், கமிஷனுக்கும் வேலை செய்பவனுக்கும் மாத வருமானம் அதற்குக் கீழே போகக் கூடாது என்று எழுதியே இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரிப்புக்கு 40 வெள்ளி, ஒரு நாளைக்கு ரெண்டு டிரிப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 நாள் ஓடினால் 2,080 வெள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த மாதம் கியர் பெட்டி உடைந்து லாரி 12 நாள் பட்டறையில் கிடந்தால்? மீதி 14 நாளுக்கு 1,120 வெள்ளிதான் தேறும். குறைகிற 580 வெள்ளியைப் போட்டு 1,700 ஆக்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை. லாரி படுத்தது தம்பியின் குற்றமா?

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. "நீ தொழிலாளி இல்லை, சொந்தக் குத்தகைக்காரன்" என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். இ.பி.எப். கிடையாது, சொக்சோ கிடையாது என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. லாரி அவருடையது, நேரம் அவர் சொல்வது, எங்கே போக வேண்டும் என்பதும் அவர் சொல்வது. பிறகு எப்படி நீ குத்தகைக்காரன்? 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வேலைச் சட்டத்தில் 101சி என்ற பிரிவு இருக்கிறது. இப்படிப்பட்ட வேலை உறவு இருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை நீ தொழிலாளிதான் என்கிறது அது. சரக்கு வண்டி ஓட்டுபவன் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் வேலைச் சட்டம் அவனுக்கு உண்டு. வாரத்துக்கு 45 மணி நேரம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைம், தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு. "லாரிக்காரனுக்கு ஏது ஓவர்டைம்" என்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

டிரிப் கூலியின் பெரிய கேடு பணத்தில் இல்லை, உயிரில் இருக்கிறது. டிரிப் கூடினால் காசு கூடும் என்றால், பையன் தூங்க மாட்டான். டன்னுக்குக் காசு என்றால், சுமையைக் கூட்டுவான். "ஏத்துடா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்பவர் வண்டியில் ஏறுவதில்லை.

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் நடந்ததை மறக்க முடியுமா? நம்முடைய சித்ரா பௌர்ணமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றுவிட்டுத் திரும்பிய எப்.ஆர்.யூ. படையினர் 9 பேர், கல் ஏற்றி வந்த லாரி மோதி மாண்டு போனார்கள். நம் சாமிக்குக் காவல் இருந்த பிள்ளைகள் அவர்கள். அளவுக்கு மீறிய சுமையும் ஸ்டேரிங் பழுதும் விசாரணையில் வெளிவந்தன. சில நாட்களிலேயே நீதிமன்றத்தில் கூண்டேறி நின்றவர் லாரி ஓட்டுநர். வழக்கில் யார் குற்றவாளி என்பது நீதிபதி சொல்ல வேண்டியது. நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஸ்டேரிங்கைப் பிடித்தவன் பெயர்தான் முதலில் எழுதப்படும்.

ஆகவே தம்பி, சாவியைத் திருப்பும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வா. போத்தாக் டயர் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, கீழே எண்ணெய் சொட்டியிருக்கிறதா, ஸ்டேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பார். ஏர் பிரேக் வண்டி என்றால் காற்று ஏறி முள் உரிய இடத்துக்கு வரும் வரை நகராதே. புஸ்பாகோம் சோதனைச் சீட்டு இருக்கிறதே என்பார்கள். அந்தச் சோதனை ஆறு மாதத்துக்கு ஒரு தரம். பிரேக்கோ ஒரு ராத்திரியில் கெடும்.

சிரம்பானிலிருந்து மந்தினுக்கு வரும் பழைய மலைச் சாலையை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லெக்காஸ் நெடுஞ்சாலை வந்த பிறகும் டோல் காசு மிச்சம் என்று அந்த வளைவுகளில் அனுப்பும் முதலாளிகள் உண்டு. இறக்கத்தில் எண்ணெய் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவது தற்கொலை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிடு, எஞ்சின் வண்டியைப் பிடிக்கட்டும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

வண்டி சரியில்லை என்று தெரிந்தால் முதலாளியிடம் சொல், வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்பு. சொல்லியும் சரி செய்யாமல் ஓட்டச் சொன்னால்? 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கும் திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. அதற்காக உன்னைப் பழிவாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. தனியாக நின்று இதைச் சொல்லப் பயமாக இருக்கும். பயப்படுவது தவறில்லை. சங்கம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சைடு கண்ணாடி உடைந்தது, டயர் வெடித்தது, சம்மன் வந்தது என்று சம்பளத்தில் கை வைக்கிறார்களா? சட்டம் அனுமதித்த பிடித்தங்களைத் தவிர வேறு எதையும் முதலாளி தம் இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. அதிகச் சுமை ஏற்றச் சொன்னவர் அவர், அபராதம் பிள்ளை தலையில் என்றால் அது என்ன நியாயம்?

கடைசியாக, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு வண்டி எடுத்தான், எத்தனை மணிக்கு விட்டான், எத்தனை டிரிப், யார் அனுப்பியது என்று தினமும் எழுதட்டும். ஆலையில் எடை போட்டுக் கொடுக்கும் திம்பாங் சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து வைக்கட்டும். எத்தனை டன் என்பதும் எத்தனை மணி என்பதும் அதிலேயே அச்சாகி இருக்கும். சிரம்பான் தொழிலாளர் இலாகாவுக்குப் புகாரோடு போகும் நாளில், நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அந்த நோட்டு, அந்தப் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வெறுங்கையோடு வராதீர்கள்.