எத்தனை மாடு பிடித்தான் என்று மட்டும் கேட்காதீர்கள்

2024 ஜனவரி 17 அன்று அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வாடிவாசலில் முதல் பரிசுக்கும் இரண்டாம் பரிசுக்கும் நடுவே நின்றது ஒரே ஒரு மாடு. கருப்பாயூரணி கார்த்தி 18 மாடு, பூவந்தி அபிசித்தர் 17 மாடு. கார்த்திக்குக் கார் கிடைத்தது. அபிசித்தர் அந்த முடிவை ஏற்க மாட்டேன் என்றார். அவரும் சாதாரண ஆள் இல்லை. 2023-இல் அதே வாடியில் 26 மாடு பிடித்துக் கார் வாங்கியவர், 2025-இலும் 20 மாடு பிடித்து மறுபடி முதலிடத்துக்கு வந்தார். அந்த ஒரு மாட்டுக் கணக்கை மதுரைக்காரர்களுக்குக் குறையாமல் புதுக்கோட்டையில் நாங்களும் பேசினோம். பங்குனி வெயில் வந்த பிறகும் பேசினோம்.

நாங்கள் இருப்பது அன்னவாசல் பக்கம் ஒரு கிராமம். கடலையும் கொஞ்சம் நெல்லும் வெள்ளாமை. கொட்டகையில் ஒரு செவலைக் காளை நிற்கிறது. பருத்திக்கொட்டை அரைத்து வைப்பது, கண்மாயில் நீச்சலுக்குக் கொண்டுபோவது, சாயங்காலம் நடைக்கு விடுவது எல்லாம் பெரும்பாலும் நான்தான். ஜல்லிக்கட்டு நடந்த இரவு எங்கள் திண்ணையில் ஆட்கள் கூடிவிடுவார்கள். என் மகன், அவன் சேக்காளிகள், கொழுந்தனார், எதிர்வீட்டுப் பெரியப்பா. யார் நல்ல பிடி பிடித்தான், யாருக்கு ஓட்ட மாடாக வந்து அமைந்தது, எந்த மாடு நின்று விளையாடியது, எந்த மாடு கயிறு அறுத்ததும் தலை தெறிக்க ஓடியது என்று விடிய விடிய அலசுவார்கள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு நானும் நிலைப்படியில் உட்கார்ந்துவிடுவேன். பல வருஷமாக இந்தப் பேச்சைக் கேட்டும் பேசியும் வந்திருக்கிறேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பரிசு மேடையில் வாசிக்கும் எண்ணிக்கையைவிட, பார்த்தவர்கள் பேசும் தரக்கணக்குதான் ஆட்டத்துக்கு நெருக்கமானது. அந்தக் கணக்கு மேடைக்கும் போக வேண்டும்.

எண்ணிக்கையில் என்ன குறை? ஒரு சுற்றுக்கு ஐம்பது பேர் வரை இறக்குகிறார்கள். சுற்றுக்கொரு நிறத்தில் பனியன், முதுகில் எண். அதிகம் பிடித்தவர்கள் கடைசிச் சுற்றுக்குப் போகிறார்கள். இதுவரை சரி. ஆனால் ஒருவன் நிற்கும் ஒரு மணி நேரத்தில் வாடியில் என்ன மாடு வருகிறது என்பது அவன் கையில் இல்லை. ஒரு சுற்றில் வரிசையாக ஓட்ட மாடு வரும். வாசலைத் தாண்டியதும், சொந்தக்காரர் மாட்டைத் திரும்பப் பிடிக்கிற கலெக்சன் பாயிண்டைப் பார்த்து நேரே ஓடுகிற மாட்டைப் பக்கவாட்டில் நின்று அணைவது, தெரிந்தவனுக்குப் பெரிய காரியம் இல்லை. அடுத்த சுற்றில் வருவதெல்லாம் நின்று சுற்றுகிற மாடாக இருக்கும். அரை வட்டமாகத் திரும்பி, ஆளைப் பார்த்து, மண்ணைக் கிளறி, கிட்ட வா என்று நிற்கும். அதில் ஒன்றைப் பிடித்தவனும் முதல் சுற்றில் நான்கு பிடித்தவனும் மேடைக் கணக்கில் ஒன்றுக்கு நான்கு. எங்கள் திண்ணையில் அப்படி இல்லை. “நாலும் போக்கு மாடுப்பா, அந்த ஒத்த மாடு போதும் அவனுக்கு” என்பார் பெரியப்பா. அவர் சொல்வதுதான் நியாயம்.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. திமிலைத்தான் பிடிக்க வேண்டும். கொம்பைத் தொடக் கூடாது, வாலை இழுக்கக் கூடாது. ஒருவர்தான் பிடிக்க வேண்டும், இரண்டு பேர் தொங்கினால் மாடு ஜெயித்ததாகக் கணக்கு. எல்லைக்கோடு வரையோ மாடு மூன்று துள்ளு துள்ளும் வரையோ விடாமல் இருந்தால்தான் அது பிடி. ஆனால் இதெல்லாம் நடப்பது கண்மூடித் திறக்கும் நேரத்தில், புழுதிக்குள். மூன்று பேர் ஒரே சமயத்தில் பாய்கிறார்கள், ஒருவன் சறுக்குகிறான், இன்னொருவன் கை திமிலிலா முதுகிலா என்று தெரியவில்லை. மைக்கில் ஒரு நம்பர் வருகிறது, அது எழுதப்படுகிறது. அந்த நம்பர் தப்பென்றால் கேட்டுத் திருத்துவது லேசில்லை. மொத்தம் எத்தனை என்பது மட்டும்தான் எல்லோருக்கும் தெரியவருகிறது. எந்த எந்த மாடு, யாருடைய மாடு, எந்தச் சுற்றில் என்ற விவரம் வெளியே வருவதில்லை. அலங்காநல்லூர்ச் சண்டை அத்தனை நாள் ஓடியதற்குக் காரணம் இதுதான்.

நல்ல பிடி என்றால் எது என்பதை, மாடு வளர்ப்பவளாக நான் பார்க்கும் விதத்தில் சொல்கிறேன். நல்ல பையன் வாடிக்கு நேர் எதிரே நிற்க மாட்டான். கட்டைக்குப் பக்கத்தில், மாட்டின் கண் நேராகப் படாத இடத்தில் ஒடுங்கி நிற்பான். தலை தன்னைத் தாண்டும் வரை அசைய மாட்டான். திமில் மார்புக்கு நேரே வருகிற அந்த நொடியில் இரண்டு கையையும் கோத்துப் போடுவான். போட்ட கையோடு கன்னத்தை மாட்டின் தோளில் ஒட்டிவிடுவான், இடுப்பும் ஒட்டியிருக்கும். உடம்புக்கும் மாட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டவனைத்தான் கொம்பு தேடி வரும். மாடு துள்ளும்போது காலை ஊன்றி இழுக்க மாட்டான், அதன் போக்கிலேயே தூக்கிக்கொண்டு போக விடுவான். கோடு தாண்டியதும் சட்டென்று விட்டு, மாட்டின் பின்பக்கமாக ஒதுங்குவான். கையை உயர்த்தி மேடையைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இப்படிப் பிடிபட்ட மாட்டின் உடம்பில் ஒரு கீறல் இருக்காது, மிரட்சியும் இருக்காது. வீட்டுக்கு வந்து தண்ணீர் காட்டினால் நிதானமாகக் குடிக்கும். வால் முறுக்கப்பட்ட மாடு அப்படி இருக்காது. இரண்டு நாளைக்குத் தவிட்டுத் தொட்டியில் வாய் வைக்காமல் நிற்கும், பின்னால் யார் போனாலும் உதறும். யார் சுத்தமாகப் பிடித்தான், யார் வாலைப் பிடித்துத் தப்பித்தான் என்று கேட்டால் நான் கொட்டகையைத்தான் காட்டுவேன்.

அடுத்தது மாட்டைப் பற்றிய பேச்சு. அதில் நம் ரசிகர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு.

ஆளுக்கு ஒரு நாள் சரியில்லை என்றால் அடுத்த வாரம் வேறு வாடி இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே வாடிவாசல் அதிகம் உள்ள மாவட்டம் எங்களுடையது. தைக்கு முன்பே தச்சங்குறிச்சியில் தொடங்கி வைகாசி வரை ஊர் ஊராக நடக்கும். மாட்டுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்க நாம் தயாராக இல்லை. ஒரு முறை பிடிபட்டால் போதும், “பிடிமாடு” என்று முத்திரை குத்திவிடுகிறோம். எங்கள் செவலை இரண்டாவது வருஷம் ஒரு வாடியில் பிடிபட்டது. அழகான பிடி, பிடித்த பையனை நான் மனதாரப் பாராட்டினேன். மறுநாள் காலையில் வாசலில் தரகர் நிற்கிறார். “இனி இது ஆகாது ஆத்தா, தீனிச் செலவாவது மிஞ்சும், கொடுத்துடுங்க” என்றார். அவருக்கு யார் சொல்லி அனுப்பினார்கள்? முந்தின இரவு திண்ணையில் நடந்த பேச்சுதான் சொல்லி அனுப்பியது. கொடுக்க முடியாது என்று அனுப்பிவைத்தேன். ஆனால் எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்ல முடிவதில்லை. தவிடு, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு விற்கிற விலையில், ஊரே ஆகாது என்று சொன்ன மாட்டை வைத்திருக்க எத்தனை குடும்பத்தால் முடியும்? அந்த மாடு எங்கே போகும் என்று பேசியவர்களுக்கும் தெரியும். விளையாட்டாகச் சொல்கிற ஒரு சொல்லில் ஒரு உயிர் சந்தைக்குப் போகிறது.

மாட்டையும் ஆளைப் போலவே பல விதமாகப் பார்க்கலாம். வாடியை விட்டு எப்படி வந்தது, முதல் பாய்ச்சல் எந்தப் பக்கம், ஆளைக் கண்டு மிரண்டதா நின்றதா, விழுந்தவனை மிதிக்காமல் தாண்டியதா, கலெக்சன் பாயிண்டில் சொந்தக்காரன் குரலுக்கு அடங்கியதா. இவ்வளவும் பார்த்துவிட்டு ஒரு மாட்டைப் பற்றிச் சொன்னால் நானும் கேட்டுக்கொள்கிறேன். கூடவே வாடியையும் பாருங்கள். 2018-இல் தென்னலூரில் கொம்பன் என்ற காளை செத்ததும், 2023-இல் வடமலாப்பூரில் கருப்புக் கொம்பன் அடிபட்டுச் செத்ததும் ஆள் பிடித்ததால் இல்லை. இரண்டுமே வாடிவாசல் கட்டையில் மோதி விழுந்த மாடுகள். இரண்டும் முன்னாள் அமைச்சர் விஜயபாஸ்கரின் காளைகள் என்பதால் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. வாடியின் அகலம், கட்டையைச் சுற்றிய வைக்கோல், தரையில் கொட்டிய தென்னைநார் எப்படி இருந்தது என்பதும் ஆட்டத்தின் கணக்கில் சேர வேண்டாமா? மாட்டுக்கு மார்க் போடுகிற நாம் விழாக் கமிட்டிக்கும் போட வேண்டும்.

இப்படி மார்க் போடுகிற வழக்கம் வேறு ஊரிலும் இருக்கிறது. என் அண்ணன் மகன் மெல்போர்னில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு மாதிரியான கால்பந்து உண்டாம். முட்டை வடிவத் திடலில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர், பந்தைக் கையிலும் எடுக்கலாம். ஆட்டம் முடிந்தால் அந்த ஊர் சனமும் நம்மைப் போலவே, யார் எப்படி ஆடினான் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அலசுமாம். அது எனக்குப் புதுசில்லை. அவன் சொன்ன இன்னொன்றுதான் என்னை யோசிக்க வைத்தது. 1924 முதல் அங்கே பிரௌன்லோ பதக்கம் என்று ஒன்று கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் திடலுக்குள் கூடவே ஓடிய நடுவர்கள், சிறந்த மூன்று பேருக்கு 3, 2, 1 என்று ஓட்டுப் போட்டு மூடி வைத்துவிடுவார்கள். பருவம் முடிந்த பின் ஒரு இரவில் எல்லோர் முன்னாலும் ஆட்டம் ஆட்டமாக வாசித்துக் கூட்டுவார்கள். முக்கியமான விதி ஒன்று உண்டு. அந்த வருஷம் முறைகேடாக ஆடித் தடை வாங்கியவனுக்குப் பதக்கம் கிடையாது. 1997-இல் கிறிஸ் கிராண்ட் என்பவர் 27 ஓட்டு வாங்கினார், ராபர்ட் ஹார்வி 26. கிராண்ட் ஒரே ஒரு ஆட்டத்துக்குத் தடை வாங்கியிருந்தார். பதக்கம் ஹார்விக்குப் போனது. அங்கேயும் ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் எந்த ஆட்டத்தில் யாருக்கு எத்தனை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும், தடை ஏன் வந்தது என்பதும் தெரியும். ஆயிரக்கணக்கான பேர் கேலரியில் உட்கார்ந்து பார்க்கிற நம் விளையாட்டில் அதைச் செய்ய என்ன தடை?

இதைச் சொன்னால் கொழுந்தனார், “மதினி, இது சாமிக்கு நேர்ந்துவிடுற மாடு, மார்க்கெல்லாம் எதுக்கு?” என்பார். நேர்த்திக்கு மார்க் வேண்டாம்தான். ஆனால் கார், புல்லட், தங்கக்காசு என்று நாமே பரிசு வைத்துவிட்டோம். பரிசு வைத்த பிறகு கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். கணக்கு மூடியிருந்தால் அந்த இடத்தில் ஊர்ப் பாசமும் சாதியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் திண்ணையிலேயே பார்க்கிறேன். பிடித்தவன் நம்ம பக்கத்து ஆள் என்றால் வாலைப் பிடித்ததும் திமிலாகத் தெரிகிறது, வேற்றாள் என்றால் திமிலும் வாலாகிவிடுகிறது. செல்போனில் வீடியோவை நிறுத்தி நிறுத்திக் காட்டி, தோற்ற பையனைக் கேவலமாகப் பேசி அனுப்புகிறார்கள். அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றவன். 2023-இல் பாலமேட்டில் ஒரு இளைஞர் 9 மாடு பிடித்து முன்வரிசையில் இருந்தார். அடுத்து வந்த மாடு குத்தி அன்றே இறந்துபோனார். இறங்குகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வீட்டில் ஒரு தாய் காத்திருக்கிறாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

இன்னும் ஒரு ஆள் இருக்கிறான். அவனைப் பற்றி மேடையும் பேசாது, திண்ணையும் குறைவாகத்தான் பேசும். ஒருவன் கீழே விழுந்துவிட்டான். அசையாமல் குப்புறக் கிடக்கிறான். மாடு திரும்பி அவனைப் பார்க்கிறது. அந்த நேரத்தில் ஒருவன் குறுக்கே புகுந்து, கையை வீசி, சத்தம் போட்டு, மாட்டின் கண்ணைத் தன் பக்கம் இழுக்கிறான். மாடு இவனை நோக்கி வருகிறது, இவன் தடுப்புக் கம்பைத் தாவிப் பிடித்துத் தப்புகிறான். விழுந்தவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எல்லாம் நாலைந்து நொடிதான். அந்தச் சுற்றில் அவன் ஒரு மாடும் பிடிக்கவில்லை, சுற்று முடிந்ததும் வெளியே அனுப்பப்படுகிறான். அவன் கணக்கில் பூஜ்யம். இப்படி ஒரு பையனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஊதாப் பனியன். பத்து மாடு பிடித்தவனுக்கு அண்டாவும் பீரோவும் கொடுத்தபோது, இவன் முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு வேலி ஓரம் நின்றான். அன்று அந்த வாடியில் சிறந்த ஆட்டம் அவனுடையது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விழாக் கமிட்டிகளுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள் இது. டோக்கன் போடும்போதே ஒவ்வொரு மாட்டுக்கும் எண் கொடுக்கிறீர்கள், ஒவ்வொரு பனியனுக்கும் எண் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, எந்த எண் மாட்டை எந்த எண் ஆள் பிடித்தான், சுத்தப் பிடியா இரட்டைப் பிடியா, மாடு ஓடியதா நின்றதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அன்று மாலையே அதை மேடைக்கு அருகில் ஒட்டுங்கள். வாலைத் தொட்டது வீடியோவில் தெரிந்தால் அந்தப் பிடியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மேடையில் மட்டும் உட்காராமல், பழைய வீரர்கள் இரண்டு பேரைத் தடுப்புக்கு உள்ளே நிறுத்தி எழுதச் சொல்லுங்கள். ஆளைக் காப்பாற்றியவனுக்கு என்று ஒரு பரிசு வையுங்கள், அதை முதல் பரிசுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். இதற்கெல்லாம் புதிதாக எந்தச் சட்டமும் வேண்டாம். வருகிற ஜனவரியில் தச்சங்குறிச்சி வாடி திறக்கும்போதே தொடங்கலாம்.

ரசிகர்களே, உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. யார் வீட்டு மாடாவது பிடிபட்டால், அதை விற்றுவிடச் சொல்லாதீர்கள்.