நடிப்பும் ஒரு தொழிலே; கற்றுக்கொண்டு இறங்குக!

பெங்களூரில் தமிழர் குடியிருக்கும் தெருக்களில் மாலை வேளையில் நடந்து சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். வேலையிலிருந்து திரும்பிய வாலிபர் இருவர், மொட்டை மாடியில் கைப்பேசியைச் செங்கல்லின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, ஏதோ ஒரு படத்தின் வசனத்துக்கு வாயசைத்துக்கொண்டிருப்பார்கள். கீழே தாயார், "வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகிறேன் என்கிறானே" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் புலம்பிக்கொண்டிருப்பார்.

வாலிபரின் ஆசை தவறா? தவறே இல்லை. தாயாரின் அச்சம் தவறா? அதுவும் தவறில்லை. தவறு வேறிடத்தில் இருக்கிறது. தறி ஓட்டவும், கடைசல் பிடிக்கவும், கணக்கு எழுதவும் ஒருவரிடம் சில காலம் பழக வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறவர்கள்கூட, நடிப்புக்கு மட்டும் முகமும் அதிர்ஷ்டமும் போதும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் கரைக்கிறது.

நடத்துநர் படித்த பாடம்

இந்த ஊரில் இந்தப் பேச்சு எழுந்தால், உடனே ரஜினிகாந்தின் பெயரைச் சொல்வார்கள். "பஸ் கண்டக்டராக இருந்தவர் சூப்பர் ஸ்டார் ஆகவில்லையா?" என்பார்கள். ஆனார், உண்மைதான். ஆனால் கதையின் நடுப்பகுதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பெங்களூர் பேருந்தில் சீட்டுக் கிழித்த காலத்திலேயே அவர் கன்னடப் புராண நாடகங்களில் வேடம் கட்டினார். பிறகு 1973-ல் சென்னைக்குச் சென்று, திரைப்பட வர்த்தக சபை நடத்திய நடிப்புப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். உடன் வேலை பார்த்த ஓட்டுநர் நண்பர் பண உதவி செய்தார். அந்தப் பள்ளியில்தான் டைரக்டர் கே. பாலசந்தரின் கண்ணில் பட்டார். தமிழை நன்றாகக் கற்றுக்கொள் என்பது அவருக்குக் கிடைத்த அறிவுரை. கற்றுக்கொண்டார். 1975-ல் வெளிவந்த 'அபூர்வ ராகங்கள்' படத்தில் கிடைத்ததோ சிறிய வேடம். மேடை, பள்ளி, மொழி என்ற மூன்று படிகளை ஏறிய பிறகுதான் அந்தச் சிறிய வேடமே கிடைத்தது என்பதை மறக்கலாகாது.

டில்லி கணேஷின் கதை வெளிமாநிலத் தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. நெல்லைச் சீமையில் பிறந்தவர். 1964 முதல் பத்தாண்டுகள் விமானப் படையில் பணியாற்றினார். அந்தக் காலத்தில் டில்லியில் இயங்கிய தட்சிண பாரத நாடக சபையில் சேர்ந்து தமிழ் நாடகங்களில் நடித்தார். 'பட்டினப் பிரவேசம்' படத்தில் அவரைப் பாலசந்தர் திரைக்குக் கொண்டுவந்தார். 2024-ல் மறையும்வரை நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். பெயருக்கு முன்னால் நின்ற 'டில்லி', அவர் தொழில் கற்ற ஊரின் முத்திரை!

நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தா. அவரைத் திரைக்கு அழைத்துச் சென்றது அமெச்சூர் நாடக மேடை. பாலசந்தரே சென்னையில் ஏ.ஜி. அலுவலகத்தில் பகலெல்லாம் கோப்பு பார்த்துவிட்டு, மாலையில் நாடகம் எழுதியவர். விஜய் சேதுபதி துபாயில் கணக்கராக இருந்தவர். ஊர் திரும்பிய பின், 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டே நடிகர்களின் பயிற்சியைக் கவனித்தார். இவர்களெல்லாம் குருட்டு அதிர்ஷ்டத்தால் வந்தவர்களா? மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டே மாலை நேரத்தை மூலதனமாக்கியவர்கள்!

கற்க என்ன இருக்கிறது?

"நடிப்பில் கற்க என்ன இருக்கிறது? அழச் சொன்னால் அழுவது, சிரிக்கச் சொன்னால் சிரிப்பதுதானே!" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் ஒருமுறை மேடையேறிப் பார்க்கட்டும். கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதே பெரும் பாடாகிவிடும்.

முதல் பாடம் மூச்சு. அடிவயிற்றிலிருந்து எழாத குரல் நான்காவது வரிசையைத் தாண்டாது. இரண்டாவது நாக்கு. லகர, ளகர, ழகரம் தடுமாறினால் எந்த வசனமும் எடுபடாது. தினமும் செய்தித்தாளின் ஒரு பத்தியை உரக்கப் படித்தாலே இதில் பாதி கைகூடும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. மூன்றாவது கவனிப்பு. சந்தையில் பேரம் பேசுகிறவர், வங்கியில் கையெழுத்துப் போடத் தயங்கும் முதியவர், ஷிப்டு முடிந்து பஸ்ஸில் தூங்கி விழும் தொழிலாளி ஆகிய எல்லோரும் நடிகனுக்கு வாத்தியார்களே. நான்காவது, எதிரே நிற்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது. தன் முறை எப்போது வரும் என்று காத்திருப்பவன் நடிகன் ஆகமாட்டான்.

திரைப்படத்துக்கு வேறு சில நுணுக்கங்களும் உண்டு. தரையில் குறித்த இடத்தில் குனிந்து பாராமலே வந்து நிற்க வேண்டும். ஒரு ஷாட்டில் வலக்கையில் இருந்த டம்ளர் அடுத்த ஷாட்டிலும் வலக்கையில் இருக்க வேண்டும். மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி நடித்தவர், காமிராவுக்கு முன் கண்ணசைவிலேயே சொல்லியாக வேண்டும். இவையெல்லாம் பழக்கத்தால் வருவன.

முன்பு பாய்ஸ் கம்பெனிகள் இந்தப் பாடங்களைச் சொல்லிக் கொடுத்தன. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் சிறுவயதில் அங்கே பயின்றவர்களே. கன்னடத்தில் ராஜ்குமார், குப்பி வீரண்ணா நாடகக் கம்பெனியில் பயின்று, 1954-ல் 'பேடர கண்ணப்பா' மூலம் திரையில் கதாநாயகன் ஆனார்.

இன்றைக்கும் இடங்கள் உள்ளன. 1959-ல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி டில்லியில் மூன்றாண்டுப் பயிற்சி தருகிறது. மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. அதன் பெங்களூர் மையத்தில் ஓராண்டுப் படிப்பு நடக்கிறது. சிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு கிராமத்தில் கே.வி. சுப்பண்ணா வளர்த்த நீனாசம் அமைப்பு, 1980 முதல் கன்னடத்தில் நாடகப் பயிற்சி அளித்து வருகிறது. கன்னடம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் அங்கே செல்ல என்ன தடை? தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஓரளவு இந்தியும் நாவில் புரளும் பெங்களூர்த் தமிழனுக்கு அதுவே பெரிய முதல். அதைக் குறையென்று எண்ணி வெட்கப்படுவது அறியாமை.

பணம் கேட்டால் விலகுக

"புதுமுகங்கள் தேவை" என்ற விளம்பரத்தைக் கண்டு ஏமாறுகிறவர்கள் இன்றும் குறையவில்லை. முன்பு அது சுவரொட்டியில் வந்தது. இப்போது கைப்பேசியில் வருகிறது. பதிவுக் கட்டணம், போட்டோ ஆல்பத்துக்கு முன்பணம், சங்க அட்டைக்கு டெபாசிட் என்று படிப்படியாகக் கறப்பார்கள். நினைவில் கொள்ள வேண்டிய விதி ஒன்றே ஒன்று: வேலை கொடுப்பவர் கூலி கொடுப்பார், கூலி கேட்கமாட்டார். எந்த ஆலையாவது தொழிலாளியிடம் பணம் வாங்கிக்கொண்டு இயந்திரத்தில் நிறுத்துகிறதா?

வாய்ப்புக் கேட்க அலங்கார ஆல்பம் தேவையில்லை. நேர்முகமாக, பக்கவாட்டில், முழு உருவமாக மூன்று தெளிவான படங்கள்; பெயர், வயது, உயரம், தெரிந்த மொழிகளைச் சொல்லும் ஒரு சிறு வீடியோ; நடித்த நாடகங்களின் பட்டியல். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். பெண்கள் தேர்வுக்குச் செல்லும்போது வீட்டார் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. ஓட்டல் அறைக்கு வரச் சொன்னால் அந்த வாய்ப்பே வேண்டாம். கைப்பேசி வழியாகப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள், மானம் போகிறதே என்று மறைக்காமல், தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

சங்கங்களின் கடமை

இதில் தமிழ்ச் சங்கங்களுக்கும் பங்குண்டு. பொங்கல் விழாவுக்குச் சென்னையிலிருந்து நட்சத்திரங்களை வரவழைத்து மாலை போடுவதில் காட்டும் உற்சாகத்தில் ஒரு பங்கையேனும், உள்ளூர்ப் பிள்ளைகளை மேடையேற்றுவதில் காட்டக்கூடாதா? டில்லியில் ஒரு சபை இருந்ததால்தானே ஒரு கணேஷ் உருவானார்! வாரம் இரண்டு மாலை ஒரு கூடத்தைத் திறந்துவிட்டு, ஆண்டுக்கு இரண்டு நாடகம் போட்டால் போதும். நடிகர் ஆகாதவர்கூடக் கூச்சம் நீங்கி, நாலு பேர் முன் நிமிர்ந்து பேசக் கற்றுக்கொள்வார். அலுவலகத்தில் பதவி உயர்வுக்கான நேர்முகத் தேர்விலும் அது கைகொடுக்கும்.

ஆகவே, ஆசையுள்ள வாலிபர்கள் வேலையை உதறிவிட்டு ரயிலேற வேண்டியதில்லை. பகலில் சம்பளம், மாலையில் பயிற்சி என்று இரண்டு ஆண்டு உழைத்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் ஆசை குன்றாமல், நாலு பேர் மெச்சும் திறமையும் வந்திருந்தால், ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்டு புறப்படட்டும். பெற்றோரும் அதுவரை தடுக்காமல், அவன் நடிக்கும் நாடகத்துக்கு ஒருநாள் போய் முன்வரிசையில் உட்காரட்டும்.

அடிமேல் அடி வைத்தால்தான் அம்மி நகரும். அரிதாரம் பூசும் முகத்துக்கும் அது பொருந்தும்.