நடுவானில் மாறிய விதி

அமெரிக்காவில் பொதுப் போக்குவரத்துக்கான முகக்கவசக் கட்டாயத்தை 2022 ஏப்ரல் 18 அன்று ஃபுளோரிடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. 1944-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இத்தகைய அதிகாரத்தை அளிக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். அந்த வாதத்துக்கு இடமுண்டு. விமான நிறுவனங்கள் காட்டிய அவசரத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆணையோ மே 3 வரை மட்டுமே நீட்டிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அன்றிரவே, சில விமானங்களில் நடுவானிலேயே, விலக்கு அறிவிக்கப்பட்டது, கைதட்டலும் எழுந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அங்கு அப்போது தடுப்பூசியே கிடையாது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் விதியை நம்பி ஏறியிருப்பர். காற்று வடிகட்டிகள் உள்ளனவே என்பர். பக்கத்து இருக்கையில் இருமுபவரின் மூச்சு வடிகட்டியை எட்டுமுன் நம்மை எட்டிவிடும். இறங்கிப்போக வழியற்ற அவர்களுக்காக, தரையிறங்கும் வரையிலாவது பழைய விதியை நீடிக்க விட்டிருக்கலாம்.